ஒம்பதே முக்கால் பலவேசம்

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் பலவேசம் என்று கூப்பிட்டால் நாலைந்து பேர் திரும்புவார்கள். டெம்போ ஓட்டுகிறவர் வேண்டுமென்றால் "பத்துப் பலவேசம்" என்று கேட்க வேண்டும். வாலிபத்தில் அவர் பாக்ஸர். மாவட்டப் போட்டியின் இறுதிச் சுற்றில் குத்து வாங்கிப் படுத்தவர், நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. எட்டிலேயே எழுந்துவிட்டதாக அவர் சொல்கிறார், ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "நம்ம பத்து மவளா?" என்று உறுதிசெய்துகொண்டுதான் கேசரியில் கை வைத்தார்கள்.

அவரைத் தேடி சினிமாக்காரர்கள் வந்தார்கள். "பாக்ஸரோட கம்பேக் படம். நீங்க நடிக்கணும்" என்றார்கள். யாருடைய கம்பேக் என்று பலவேசம் கேட்கவில்லை. தன்னுடையது என்றே எடுத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டார். விடியலில் ஓடினார். புரோட்டாக் கடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தார். டெம்போ ஓட்டும்போது இது கூடாது என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள்.

ஐந்தருவிப் பக்கம் ஒரு தோப்பில் ரிங் போட்ட பிறகுதான் கதை தெரிந்தது. கதாநாயகன் எல்லாவற்றையும் இழந்து, தாடி வளர்த்து, அருவியில் நனைந்து, மீண்டு வருவான். கடைசிச் சண்டையில் அவனிடம் குத்து வாங்கிப் பலவேசம் விழ வேண்டும். நடுவர் பத்து எண்ணுவார்.

மனைவி மாரித்தாய்க்குப் பொறுக்கவில்லை. "ஒரு பத்தையே ஊரு இன்னும் மறக்கல. இத வேற கலர்ல எடுத்து வைக்கப் போறாங்களாக்கும்? பேரன் பேத்தி காலத்துலயும் நீங்க பத்துதான்."

"சொல்லு குடுத்துட்டேன்ட்டி."

"அன்னைக்கே எந்திச்சிருந்தா இன்னைக்கு இந்தச் சொல்லே வேண்டாமே!"

படப்பிடிப்பு அன்று நடுவராக நடிக்க வந்தவர் ரம்புட்டான் பழத்தை அளவில்லாமல் தின்றுவிட்டுக் கழிப்பறையில் குடியேறிவிட்டார். கூட்டத்தில் பெருங்குரல் உள்ளவர் யார் என்று டைரக்டர் தேடினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த மார்க்கெட் முழுக்க வேல்ராஜைத் தள்ளிவிட்டது. வேல்ராஜ் தக்காளி ஏலம் விடுகிறவர். அவர் தும்மினாலே தென்காசி வரை கேட்கும்.

கதாநாயகன் குத்தினார். பலவேசம் விழுந்தார். வேல்ராஜ் குனிந்து விரலை நீட்டினார்.

"லாபம்!"

"கட்! என்ன சார் லாபம்?"

"மொத எண்ணிக்கை சார். ஒண்ணுன்னு எவனாவது சொல்லுவானா? வெளங்குமா?"

சினிமாவில் ஒன்றுதான் என்று புரியவைத்தார்கள். மறுபடி குத்து, மறுபடி விழுதல். வேல்ராஜ் ஒழுங்காக ஒன்பது வரை வந்தார். வந்தவருக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது.

"ஒம்பதேகால்!"

மார்க்கெட் கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. "ஒம்பதரை!"

"ஒம்பதரை! அண்ணாச்சி ஒம்பதரை கேக்காரு! நல்ல உருப்படி, அழுகல் கிடையாது!"

"ஒம்பதே முக்கால்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல். மாரித்தாய்.

பலவேசத்தின் வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரிப்பை அடக்கப் புரண்டார், முடியாமல் முட்டி போட்டார், எழுந்தே நின்றுவிட்டார். செத்த பாம்பு சீறக் கண்டவர் போல் கதாநாயகன் பின்வாங்க, சாரலில் நனைந்திருந்த தரை அவர் காலை வாரிவிட்டது. கையிலிருந்த ஏலத்தை முடிக்காமல் வேல்ராஜுக்குத் தூக்கம் வருமா? மல்லாந்து கிடந்த கதாநாயகன் மேல் கையை ஓங்கினார்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

தோப்பு அதிர்ந்தது. தயாரிப்பாளர் தலையில் கைவைத்து உட்கார, அவருடைய வாழைப்பழத்தைக் குரங்கு எடுத்துப் போனது.

மறுநாள் வயிறு தேறிய நடுவர் வந்தார். மார்க்கெட்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பலவேசம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். விழுந்தார், கிடந்தார், பத்து வாங்கினார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் டெம்போவை எடுக்கவில்லை.

படம் தென்காசியில் வெளியானபோது போக மாட்டேன் என்றார். மாரித்தாய்தான் இழுத்துப் போனாள். திரையில் பலவேசம் விழுந்தார். நடுவர் எண்ணினார். ஒன்பது என்றதும், முன்வரிசையிலிருந்து வேல்ராஜின் குரல்:

"ஒம்பதேகால்!"

"ஒம்பதரை!" என்றது பால்கனி.

"ஒம்பதே முக்கால்!" என்று கொட்டகையே எழுந்து நின்று கூவியது. திரையில் நடுவர் பத்து சொன்னாரோ நூறு சொன்னாரோ, யார் காதிலும் விழவில்லை. திரைப் பலவேசம் கிடந்தபடியே கிடக்க, இருக்கைப் பலவேசம் துள்ளி எழுந்து இரண்டு கைகளையும் தூக்கினார். மாரித்தாய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க, அவுந்துரப் போவுது!" சிரிப்பில் அவளுக்கு மூச்சு முட்டியது.

மறுநாள் காலை மார்க்கெட்டில் லோடு ஏற்ற வந்த ஒருவர் பலவேசத்தைத் தேடினார்.

"எந்தப் பலவேசம்? முக்காலா?" என்றார் டீக்கடைக்காரர்.

கிளாஸும் கையுமாக நின்ற பலவேசம் திரும்பினார்.

"ஆமாலே, முக்காலுதான். பத்துக்கு இன்னும் ஒரு கால் இருந்துச்சுல்லா? அந்தக் காலை ஊனித்தாம்லே எந்திச்சேன்!"