முப்பதுக்கு அடுத்த துண்டு

என் மருமகள் நேற்று என்னிடம் ஒரு சின்ன உதவி கேட்டாள். நான் முடியாது என்றேன்.

அவள் ஈப்போவில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். சனி ஞாயிறுகளில் துணிகளை வெட்டி இணைத்துப் போர்வை தைக்கிறாள். இந்த மாதம் தொடங்கியிருப்பதற்குப் பார்ஜெல்லோ என்று பெயராம். வெள்ளைக்காரப் பெண்கள் கட்டத்துணியில் கம்பளி நூலைக் கோத்து, தீ நாக்குபோல் ஏறி இறங்கும் கோலங்களைத் தைப்பார்களாம். அதைப் பார்த்து இப்போது துணியிலேயே செய்கிறார்களாம். கைப்பேசியில் படம் காட்டி விளக்கினாள். எட்டு நிறப் பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக இணைத்து, முதல் பட்டையையும் கடைசிப் பட்டையையும் சேர்த்துத் தைத்தால் குழாய்போல் ஆகிவிடும்.

கைலி மாதிரி என்றேன்.

சிரித்தாள். அதேதான் மாமா என்றாள். அந்தக் குழாயை வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொரு வளையத்தையும் வேறு வேறு நிறத்தில் பிரித்தால் நீளத் துண்டுகள் கிடைக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் நிறங்கள் படிப்படியாக ஏறும், இறங்கும்.

"நாற்பதுக்கு மேல துண்டு இருக்கு மாமா. வரிசை மாறிச்சின்னா எல்லாம் போச்சு லா. சீட்டுல நம்பர் மட்டும் எழுதிக் குடுங்க. என் எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும், உங்களது வாத்தியார் எழுத்து."

கண் சரியில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பழைய பொய்யை மறைக்க இன்னும் புதிய பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது சுங்காய் ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே செம்பனைதான் இருக்கிறது. லயத்து வரிசை வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கை, நான். அத்தைக்குச் சிறு வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. மேட்டுக்காட்டில் ரப்பர் பால் வெட்ட அவளால் முடியாது என்று துரையின் பங்களாவில் தூசி தட்டும் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு நாற்காலி மெத்தை. துரைசாணி தன் கையால் கம்பளி நூலில் தைத்தது. கருஞ்சிவப்பில் தொடங்கி வெளிர் மஞ்சள் வரை எரிந்துகொண்டிருக்கும். அத்தை அதைத் தினமும் தட்டினாள். மெத்தையில் தூசியே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அவள் பழந்துணியில் அதே போல் ஒரு தலையணை உறை செய்துவிட்டாள். கொடியில் காய்ந்த அப்பாவின் கைலியைப் பார்த்துத்தான் அந்தக் குழாய் யோசனை வந்ததாம். இப்படி ஒரு முறை உலகத்தில் எங்கேயாவது உண்டா என்று அவளுக்குத் தெரியாது. பங்களாவின் பட்லர் அந்த உறையைத் துரைசாணியிடம் காட்டினார். துரைசாணி ஈப்போவுக்குப் போய் எட்டு நிறத்தில் புதுத்துணி வாங்கி வந்தார். கட்டிலுக்குப் போர்வை தைத்துத் தா என்றார். ஈப்போவில் தையல் கடை வைத்திருக்கும் தன் தோழிக்கு அதைக் காட்டுவாராம். வேலை பிடித்திருந்தால் தோழி அத்தையைக் கடைக்கு எடுத்துக்கொள்வார். தங்க இடமும் உண்டு.

துரையின் குடும்பம் சில மாதங்களில் சீமைக்குத் திரும்ப இருந்தது. அடுத்து வருகிறவர் தனியாள். அவருக்குப் பட்லர் ஒருவரே போதும். ஆகவே அத்தைக்கு முன்னால் இரண்டே வழிகள்: ஈப்போ கடையில் உட்கார்ந்து தைப்பது, அல்லது விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து அந்தக் காலோடு காட்டுக்குப் போவது. இதெல்லாம் வீட்டில் அனைவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பத்து வயதுப் பையனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

தோட்டத்து மேஸ்திரியான தண்டல் வீட்டுக் கைத்தையல் மிஷினை இரவல் வாங்கினார்கள். அம்மாவுக்கு இதில் அரைமனசுதான். நம் வீட்டு மெத்தையில் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கிறது, இவள் துரை கட்டிலுக்குச் சேலை கட்டுகிறாள் என்பாள். ஆனால் அத்தை தைக்கும் நேரத்தில் அடுப்பைப் புகையவிட மாட்டாள்.

துரைசாணி கட்டம் போட்ட தாளில் கோலத்தின் கணக்கைக் குறித்துக் கொடுத்திருந்தார். முழுக்க எண்கள்தான். அத்தைக்கு வாயால் எண்ணத் தெரியும். எழுதிய எண்ணைப் பார்த்தால் தெரியாது. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு. ஆகவே நான்தான் அவளுடைய கண். எத்தனை விரல் அகலம், எந்த நிறத்தில் பிரிப்பது என்று நான் வாசிக்க, அவள் வெட்டினாள், பிரித்தாள். நாற்பத்தெட்டுத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் நான் எண் எழுதிய சீட்டைக் குத்தினோம். பிறகு பிற்பகல்தோறும் நான் வரிசைப்படி எடுத்துக் கொடுப்பேன், அவள் தைப்பாள். தைத்து முடித்த துண்டின் சீட்டைக் கழற்றி ஒரு நூலில் கோத்துக்கொள்வாள். அவ்வளவு சீட்டு சேர்ந்திருக்கிறது என்று தூக்கிப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

போர்வையை முழுதாக விரித்துப் பார்க்க எங்கள் வீட்டில் இடம் இல்லை. தரையில் கரி, கோழி, என் கால். தைத்த பகுதியை அழுக்குப் படாமல் வெள்ளைத் துணியில் சுருட்டி வைத்தாள். கண்ணுக்குத் தெரிவது மிஷினுக்கு அடியில் இருக்கும் இரண்டு துண்டு மட்டும்தான்.

முப்பது வரை சரியாகக் கொடுத்தேன்.

அன்று காலை அம்மா அப்பாவிடம் பேசியதைக் கேட்டிருந்தேன். ஈப்போ போனால் உங்கள் தங்கை இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாளா என்று அம்மா கேட்டாள். வராட்டி என்ன, நல்லா இருந்தா சரி என்றார் அப்பா. நான் அத்தை பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவன். அவள் போவாள் என்பது அதுவரை எனக்கு ஒரு செய்தி. அன்றுதான் அவள் படுக்கும் இடம் காலியாக இருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் செய்தேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த நொடியில் நான் வருத்தமாக இல்லை. கை அடுத்த துண்டுக்குப் போனது, பிறகு அதைத் தாண்டிப் போனது.

முப்பத்தொன்று மேலே ஏற வேண்டிய துண்டு. நான் கொடுத்தது முப்பத்தைந்து, கீழே இறங்குவது. தைக்கிறவளுக்கு இரண்டும் பக்கத்துத் துண்டிலிருந்து ஒரே ஒரு படி வித்தியாசம்தான். இரண்டுமே பொருந்தும்.

அத்தை அதை உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தாள்.

"முப்பத்தொண்ணு தானேடா?"

"ஆமா அத்தை."

"சரி. நீ சொன்னா சரிதான்."

சக்கரத்தைச் சுற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எனக்கு வியப்பு. மிஷின் நிற்கவில்லை, நூல் அறுபடவில்லை, அவள் முகம் மாறவில்லை. அடுத்ததையும் மாற்றிக் கொடுத்தேன். அதற்கடுத்ததையும். ஆலைச் சங்கு ஊதும்வரை மாற்றிக்கொண்டே இருந்தேன். மறுநாள் பயம் வந்தது, மிச்சத்தை ஒழுங்காகக் கொடுக்கப் பார்த்தேன். ஆனால் எடுத்துவிட்ட எண்களின் இடத்தில் எதை வைப்பது என்று எனக்கே குழம்பிவிட்டது.

போர்வையைக் கொண்டுபோன அன்று நானும் போனேன். பங்களாவின் கூடத்தில் துரைசாணி, ஈப்போ தோழி, பட்லர். நீண்ட மேசையின் மேல் விரித்தார்கள். முதலில் தோழி மூச்சை உள்ளே இழுத்தார், அவ்வளவு அழகு. தீ ஒரு ஓரத்திலிருந்து எழுந்து, தணிந்து, மறுபடி எழுந்து வந்தது. பாதிக்கு மேல் வந்ததும் அது வழி தவறிய ஆள்போல் அங்கும் இங்கும் முட்டிக்கொண்டது. அதன் பிறகு கோலமே இல்லை. நிறங்கள் மட்டும் கிடந்தன.

துரைசாணி மெதுவாக ஏதோ கேட்டார்.

"இங்கன வந்து ஏம்மா இப்படி ஆச்சுன்னு கேக்குறாங்க" என்றார் பட்லர்.

அத்தை அந்த இடத்தில் விரலை வைத்தாள். தன் தையலை அவள் முழுதாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வரிசை தப்பிப் போச்சுங்க" என்றாள். "நாந்தான்."

தோழி நல்லவர். கை வேலை சுத்தம், ஆனால் கடையில் அளவு எல்லாம் எழுத்தில்தான் வரும், பார்த்துத் தைக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சொன்னதாகப் பட்லர் சொன்னார். தேநீரும் கேக்கும் கொடுத்தார்கள். நான் கேக்கைச் சாப்பிட்டேன். போர்வையை மடித்து அத்தையிடமே கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டாதது எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, கேலி செய்வாள் என்று பார்த்தால், உள்ளே போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா கைமிஷினைத் தோளில் வைத்துத் தண்டல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார். அன்று சாயங்காலம் அத்தை அந்தப் போர்வையை என் மேல் போட்டாள். நீ வச்சுக்க என்றாள். வருடக்கணக்காக அதற்கடியில்தான் தூங்கினேன். கதகதப்பாகத்தான் இருந்தது.

துரை குடும்பம் போன மறுவாரம் அத்தை பெரட்டுக்குப் போனாள். புல் வெட்டும் வேலை கொடுத்தார்கள். மதியம் அந்தக் காலை இழுத்துக்கொண்டு வருவாள். பிறகு அந்தத் தோட்டம் கைமாறும்வரை அதே வேலைதான். கடைசிக் காலத்தில் ஈப்போவில், புந்தோங்கில் என்னோடுதான் இருந்தாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் சொல்ல வந்தது வேறு. காட்டுக்குப் போகத் தொடங்கிய சில நாட்களில் அவள் என் சிலேட்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு எண்ணு எழுதப் படிக்கச் சொல்லிக் குடு."

எனக்கு ஒரே பெருமை. வாத்தியார்போல் பிரம்புகூட வைத்துக்கொண்டேன். களைத்து வந்த உடம்போடு தினமும் படித்தாள். ஒன்று முதல் பத்து, இருபது, முப்பது. சீக்கிரமே நாற்பத்தெட்டுக்கு வந்துவிட்டாள். நூறு வரை போகலாம் அத்தை என்றேன். போதும் என்று சிலேட்டைத் துடைத்தாள்.

பிறகு சுவர் ஆணியிலிருந்து சீட்டுகள் கோத்த நூலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அதை நான் மறந்தே போயிருந்தேன். ஒவ்வொரு சீட்டையும் விரலால் தள்ளித் தள்ளி வாசித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் பிரம்பைக் கீழே வைத்தேன். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இருபத்தொம்பது. முப்பது. முப்பத்தஞ்சு. அங்கே விரல் நின்றது. பிறகு முப்பத்தெட்டு, முப்பத்திரண்டு என்று கடைசிவரை வாசித்தாள்.

என் பக்கம் திரும்பினாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருப்பதுபோல் இருந்தது.

"எல்லாம் சரியா வாசிச்ச, அத்தை" என்றேன்.

நூலை மறுபடி ஆணியில் மாட்டினாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவள் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அதன் பிறகு தாப்பாவிலிருந்து அவளுடைய சிநேகிதி போடும் கடிதத்தையோ, மருந்துப் போத்தலின் சீட்டையோ அவள் முன்புபோல் என்னிடம் வாசிக்கக் கொடுத்ததில்லை. அந்தக் காலோடு அரை மைல் நடந்து தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்குப் போய் வாசிக்கச் சொல்லிக் கேட்டு வருவாள். நான் வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். என் படிப்பு கெட்டுவிடக் கூடாதே என்று அத்தை எவ்வளவு அக்கறையாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.