1440 போதும்

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். மேனேஜர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்று, எனக்கு அதே தோட்டத்தின் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை வாங்கித் தந்தார். நான் அதை விட்டுவிட்டு, கல்யாண வீடியோக்களை வீட்டிலேயே வெட்டி ஒட்டித் தரும் தொழிலில் இறங்கினேன். மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் கேம். அன்றோடு அப்பா என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் அம்மாவிடம், "அவன சாப்பிடச் சொல்லு" என்பார். அம்மா என் பக்கம் திரும்பி, "சாப்பிடணுமாம்" என்பாள்.

அதற்கு முன்னாலும் அவர் என்னைப் பாராட்டிக் குவித்தவர் இல்லை. 'நீ சொன்னது சரிடா' என்று ஒரு தடவையாவது அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முப்பத்தைந்து வயதில் இப்படி ஓர் ஆசையா என்று கேட்டால், ஆமாம், அப்படித்தான்.

ஆவணி முகூர்த்தங்களில் வேலை குவிந்ததால் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினேன். மாட்டி முடித்த பிறகுதான் மானிட்டரைப் பார்த்தேன். தோட்டத்து ஆபீசில் கழித்துப் போட்ட பழசு அது. புலியைப் பிடித்து வந்து கோழிக்கூட்டில் அடைத்த மாதிரி இருந்தது.

மந்தினில் இருக்கும் நண்பனுக்குக் கம்ப்யூட்டர் விவரம் தெரியும். தினமும் சாயங்காலம் அவனோடு போனில் விவாதம். 2560-க்கு 1440 எடுப்பதா, 3840-க்கு 2160 எடுப்பதா? திரையில் குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை புள்ளி என்கிற கணக்கு அது. புள்ளி கூடினால் படம் துல்லியமாகும், கார்டுக்கு வேலையும் கூடும். என் கார்டின் பலத்துக்குப் பெரியதுதான் பொருத்தம் என்பது என் கட்சி.

நாளாக ஆக அப்பாவின் நாற்காலி என் அறைப் பக்கம் நகர்ந்து வந்தது. ஒரு சாயங்காலம் நேராக என்னையே பார்த்துக் கேட்டார்.

"கடைசியா சொன்னது 2160-ஆ, 2610-ஆ?"

போனை வைத்துவிட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். பள்ளிக்கூடத்தில் நான் முதலாவதாக வந்தபோதுகூட அவர் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"இப்ப இருக்கிற பழசு என்னா நம்பர்?"

"1366-க்கு 768 பா."

"768 மூணுதானே இருக்கு. முன்னால சைபர் போட்டுக்கலாமா?"

"போட்டாலும் அதே கணக்குதான்பா" என்றேன். மனுஷனுக்கு எவ்வளவு நுணுக்கம் என்று பூரித்துப்போனேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "பெருசு வேணாண்டா. 1440 போதும், அத எடு. ரொம்ப நாளா வராம இருக்குலா. வந்தா இப்பதான் வரணும்."

கடையில் சரக்கு வராமல் இருந்ததைக்கூட விசாரித்து வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். மறுநாளே சிரம்பானுக்குப் போய் 1440-ஐ எடுத்தேன். கடைக்காரத் தம்பி என் கார்டின் பெயரைக் கேட்டுவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தான். "அண்ணே, அந்தக் கார்டுக்கு இதா?"

"அப்பா சொன்னாரு" என்றேன், பெருமையோடு.

வீட்டில் மானிட்டரை மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவைக் காணவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"லுக்குட்டுக்குப் போயிருக்காரு, நம்பர் எடுக்க. நீ போன்ல சொன்னதெல்லாம் மனப்பாடமா வச்சிருந்தாரு. கடைசில 1440-தான் எடுக்கப் போறேன்னாரு."

நாலு நம்பர் லாட்டரி! லோரி குடை சாய்ந்து கிடந்தால் டிரைவரைப் பார்ப்பதற்கு முன்னால் நம்பர் பிளேட்டைப் பார்க்கிற மனிதர் அவர். எனக்கு முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். இனி நானும் அவரிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். புது மானிட்டரில் கேம் போட்டால், கார்டு பாதி பலத்தில் சோம்பல் முறித்துக்கொண்டு ஓடியது. அது வேறு எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரிசல்ட் வந்தது. முதல் பரிசு 2160.

பிறகு அப்பா என் அறைக்குள் வந்தார். மானிட்டரை மேலும் கீழும் பார்த்தார். அம்மாவைக் கூப்பிடவில்லை. என் தோளில் கை வைத்தார்.

"நீ சொன்னதுதாண்டா சரி. பெருசையே எடுத்திருக்கணும்."

அவர் எந்தப் பெரியதைச் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

"சரியா காதுல விழலப்பா" என்றேன். "இன்னொரு தடவ சொல்லுங்க."