பனி போகும் வரை

ஆய்வகத்தில், மின்சாரத்தைச் சேமிக்கும் கலங்களுக்கான கிராஃபீன் தயாரிப்பதுதான் அக்காவின் வேலை. கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணுவின் தடிமனே உள்ள கரித்தாள். ஈரத் தாள்களைச் சூட்டில் உலர்த்தினால் நனைந்த காகிதக் கட்டுபோல ஒட்டிக்கொள்ளும். அயனிகள் நுழைய இடமிராது, மின்னூட்டம் பாதிகூட நிற்காது. உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை மெல்லப் போக்கினால்தான் தாள்கள் விலகி நிற்கும். பம்ப் பழையது. அது நின்றால் பனி உருகி எல்லாம் பாழ் என்று அவளே காவலிருந்தாள்.

அப்போதுதான் மருத்துவமனையில் சேர்த்திருந்த தம்பி போனில் கூப்பிட்டான்.

"கிளம்பி வரட்டுமாடா?"

"பாதியில விட்டுட்டு வந்தா அப்புறம் என் தலையைத்தான் உருட்டுவே, கரிக்காரி. முடிச்சுட்டே வா. நான் எங்க ஓடிடப் போறேன்?"

குரல் தெளிவாக இருந்ததால் நம்பிவிட்டாள்.

மறுநாள் கிராஃபீன் பொடி பஞ்சாகப் பூத்து வந்தது. சோதனைக்குக் கொடுத்துவிட்டு ஓடினாள். தம்பியின் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "காலையிலேருந்து கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துட்டிருந்தார்க்கா. உங்களைக் கூப்பிடட்டுமான்னேன். வேலை கெட்டுடும், வேண்டாம்னுட்டார்."

கைப்பேசி அதிர்ந்தது. இதுவரை இல்லாத அளவு மின்னூட்டம் நிற்கிறது என்று மேலாளர் எழுதியிருந்தார்.

"ஆபீஸாக்கா? ஒண்ணும் கெட்டுப்போகலையே?"

"கெட்டுப்போகலைம்மா" என்று சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது.