முதுகில் இரண்டு தட்டு

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். மாட்டு வண்டி ஓட்டிய ஒன்பது வருடத்தில் பிடாடாரி கல்லறை ஓரம் வண்டியை அவிழ்த்துப் போட்டு அதன் அடியிலேயே எத்தனையோ நாள் படுத்திருக்கிறேன். நானும் தூங்கினேன், மாடுகளும் தூங்கின. ஒன்றும் வரவில்லை. ஆகவே நான் இப்போது சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தம் இல்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். இது இருட்டில் நடந்ததும் இல்லை. காலை பத்து மணி, நல்ல வெளிச்சம், சுற்றிலும் போலீஸ்காரர்கள்.

மாட்டு வண்டிக்கு வேலை நின்ற பிறகு சாங்கி பட்டாள முகாமில் புல் வெட்டப் போனேன். முகாம் லாரி காலையில் சிராங்கூன் ரோட்டில் எங்களை ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் கொண்டுவந்து விடும். பஃபலோ ரோட்டில் ஒரு மாடி அறையில் நானும் என் மனைவி பாக்கியமும் இருந்தோம். அவளுக்கு என்று இருந்தது ஒரே அண்ணன். பெயர் சிங்காரம். கல்யாணம் ஆகாதவர். பஸ் கண்டக்டர், சாங்கி போகிற பஸ்ஸில்.

அந்தக் காலத்தில் கண்டக்டர் மணி அடித்தால்தான் டிரைவர் அசைவார். ஒரு மணி அடித்தால் நில். இரண்டு மணி அடித்தால் போ. மச்சானுக்கு இது ரத்தத்தில் ஊறிவிட்டது. எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இலை ஓரத்தில் இரண்டு தட்டுவார், பாக்கியம் சோறு போடுவாள். ஒரு தட்டு தட்டினால் போதும் என்று அர்த்தம். பேச மாட்டார். அண்ணனும் தங்கையும் சிரித்துக்கொள்வார்கள், நான் என் இலையைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாக்கியத்துக்கு பஸ் ஆகாது. ஏறி ஐந்து நிமிடத்தில் வாந்தி. டாக்சியும் அப்படித்தான். கல்யாணம் ஆன வாரம் மச்சான் எங்களைத் தன் பஸ்ஸிலேயே சாங்கிக் கடற்கரைக்கு ஏற்றினார். கேலாங் தாண்டவில்லை. அவள் வாயைப் பொத்தினாள். மச்சான் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நீட்டிவிட்டார், கம்பெனி தொப்பி. ஒரு மணி அடித்து பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கிவிட்டு, தொப்பியோடு அவரும் இறங்கி சாக்கடை ஓரம் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. எஸ்பிளனேடில் கல்கட்டுக்கு மேலே நின்று பார்க்கிற கடல்தான் அவளுக்குத் தெரிந்த கடல். மணலில் இறங்கிக் கால் நனைக்கிற கடலை அவள் பார்த்ததே இல்லை.

அதற்காகத்தான் அவர் அந்த வண்டியை வாங்கினார். ஜப்பான் மோட்டார் சைக்கிள், நீல நிறம், ஐம்பது சிசி. அறுபத்து மூன்றாம் வருடம் என்று நினைவு.

"காத்துல உக்காந்து போனா வாந்தி வராது லா," என்றார். "ஆனா நீதான் ஓட்டணும் மாப்ளே. ஞாயித்துக்கிழமை எனக்கு ஏது லீவு? உன் பொண்டாட்டி, நீ கூட்டிட்டுப் போ."

"எனக்கு மாடுதான் மச்சான் ஓட்டத் தெரியும்."

"மாடு தானா திரும்பும். இது நீ திருப்புனாத்தான் திரும்பும். அவ்வளவுதான் வித்தியாசம்."

அவ்வளவுதான் வித்தியாசம் இல்லை. மாட்டு வண்டியை நிறுத்த வேண்டும் என்றால் கயிற்றை நம் பக்கம் இழுக்க வேண்டும். ஒன்பது வருடம் இழுத்த கை. இந்த வண்டியில் வலது கைப்பிடியை நம் பக்கம் இழுத்தால் அது திருகிக்கொண்டு வண்டி பாய்கிறது. பயம் வந்தால் இழுப்பேன், இழுத்தால் பாயும், பாய்ந்தால் பயம் அதிகமாகும், இன்னும் இழுப்பேன். ஃபேரர் பார்க் திடல் ஓரத்தில் முதல் நாள் கற்றுக்கொண்டபோது சலவைக்காரர்கள் துணி காயப்போட்டிருந்த கொடிக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தேன். தலைமேல் யாருடைய படுக்கை விரிப்போ கிடந்தது. மச்சான் எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். அவர் தலையிலும் ஒன்று.

"ஏன்யா, ஓ ஓன்னு வண்டிகிட்ட சொல்றே? அதுக்குக் காது இருக்கா?"

"மாட்ட நிறுத்துற பழக்கம் மச்சான்."

"சரி, கேளு. காத்துல பேச்சு கேக்காது. நான் பெல்லு குடுக்கிறேன். முதுகுல ஒரு தட்டு தட்டுனா கைய விட்டுட்டுக் கால மிதி. ரெண்டு தட்டு தட்டுனா போ. நீ யோசிக்காதே. யோசிக்கிறது கண்டக்டர் வேலை."

அப்படி நான்கைந்து நாள் போனோம். அவர் உள்ளங்கை அகலமானது. டிக்கெட் பை வாரை இழுத்து இழுத்துக் காய்த்த கை. ஒரு தட்டு தட்டினால் என் கை தானாகத் திறந்துவிடும். அவர் பின்னால் இருந்தால் நான் நன்றாகவே ஓட்டினேன்.

பிறகு அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆறு வாரம். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது கண் முழுக்க மஞ்சள். பாக்கியம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"வண்டிய வித்துராதே மாப்ளே."

"இல்ல மச்சான்."

"அவள ஒரு தடவ கடல்ல கால் நனைக்க விட்டுரு. அது போதும்."

"சரி மச்சான்."

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அப்போது இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

அவர் போன பிறகு பாக்கியம் சமைத்தாள், துவைத்தாள், என்னிடம் தேவையானதைப் பேசினாள். சிரிப்பது மட்டும் நின்றுவிட்டது. வண்டி மாடிப்படிக்குக் கீழே நின்றது. தினமும் அவள் அதைத் துடைப்பாள். எல் போர்டு மாட்டிக்கொண்டு நான் தனியாகத் திடலைச் சுற்றினேன். ரோட்டில் பின்னால் ஆள் ஏற்ற வேண்டும் என்றால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு போலீஸ் டெஸ்ட்.

முதல் டெஸ்டில் எட்டு போடும்போது விழுந்தேன். இரண்டாவது டெஸ்டில் எட்டு வந்துவிட்டது. கடைசியில் நேராக வரச் சொன்னார்கள். டெஸ்ட் எடுக்கிறவர் திடீரென்று குறுக்கே வந்து கையைக் காட்டுவார், உடனே நிறுத்த வேண்டும். பெரிய மீசை வைத்த மலாய் சார்ஜன்ட். அவர் கையைக் காட்டினார், நான் இழுத்தேன். நோட்டோடு அவர் சாக்கடைக்குள் குதித்தார். நான் அவரைத் தாண்டி வேலியில் போய் நின்றேன். ஓ, ஓ என்று சொன்னது எனக்கே கேட்டது.

அன்று வீட்டுக்கு வந்து தோற்றுவிட்டேன் என்று சொன்னேன். பாக்கியம் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"விடுங்க," என்றாள். "கீழ காய்கறிக் கடைக்காரரு வண்டிய கேட்டாரு. குடுத்துரலாம். சும்மா நிக்கிறத பாக்க முடியல."

"இன்னொரு தடவ போறேன்."

"எத்தன தடவ?"

"ஒரே தடவ. இல்லேன்னா குடுத்துரலாம்."

அவள் அரிசியை மறுபடியும் களைந்தாள். ஏற்கெனவே களைந்த அரிசி.

மூன்றாவது டெஸ்ட் அன்று விடிகாலை மழை பெய்து விட்டிருந்தது. அவளே இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரங்களுக்கு அடியில் வைத்தாள். முன் சக்கரத்துப் பழம் நசுங்கியது. பின் சக்கரத்துப் பழம் நழுவி முழுசாகச் சாக்கடைக்குள் உருண்டு போனது. இரண்டு பேரும் பார்த்தோம்.

அதே சார்ஜன்ட். என்னைக் கண்டதும் இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"துரூன், துரூன்," என்றார். மலாயில் இறங்கு என்று அர்த்தம்.

இப்போதே தோற்றாகிவிட்டதா என்று நினைத்து இறங்கினேன். அவர் என்னை இல்லை என்று தலையை ஆட்டி, பென்சிலை எனக்குப் பின்னால் நீட்டினார். திரும்பிப் பார்த்தேன். சீட்டு ஈரமாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அவரும் எட்டிப் பார்த்தார். கண்ணைக் கசக்கினார். சரி, ஏறு என்று கை காட்டினார்.

ஏறினேன். வண்டியை உதைத்தேன். அப்போது வண்டியின் பின்பக்கம் கீழே இறங்கியது.

ஆள் ஏறினால் வண்டி எப்படி இறங்கும் என்று வண்டிக்காரனுக்குத் தெரியும். மாட்டு வண்டியில் மூட்டை ஏறினாலும் மனிதன் ஏறினாலும் திரும்பாமலே சொல்லிவிடுவேன். மூட்டை ஏறினால் ஒரே அமுக்கு. மனிதன் ஏறினால் முதலில் ஒரு அமுக்கு, பிறகு உட்கார்ந்து சரி செய்துகொள்ளும்போது இன்னொரு சின்ன அசைவு. இது மனிதன்.

எனக்கு வியர்க்கவில்லை, மயிர் கூச்செறியவில்லை. அதையெல்லாம் சொன்னால் பொய். முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. நான் போனேன். அவ்வளவுதான்.

எட்டு போட்டேன். நான் சாய்வதற்கு முன்னால் பின்பக்கம் சாய்ந்தது, வண்டி தானாகத் திரும்பியது. தரையில் போட்டிருந்த பலகையின் மேல் ஏறி இறங்கினேன். எஞ்சின் இரண்டு பேரைச் சுமக்கிற சத்தத்தில் முனகியது. பிறகு நேர்ப்பாதை. சார்ஜன்ட் குறுக்கே கால் வைத்துக் கையைத் தூக்கினார். என் இரண்டு கையும் இழுக்கத் தயாராகிவிட்டன, தோள் வரைக்கும் இறுகிவிட்டது, இழுத்துவிட்டேன் என்றே நினைத்தேன், அந்த நேரம் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு தட்டு. அகலமான கை. என் கை திறந்துகொண்டது. கால் மிதித்தது. சார்ஜன்டுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

அவர் சாக்கடைப் பக்கம் பாதி திரும்பியபடி நின்றிருந்தார். மெல்ல அருகில் வந்தார். நோட்டில் எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தி மலாயில் கேட்டார்.

"உன் சிநேகிதன் எங்கே இறங்கினான்?"

"யார் துவான்?" துவான் என்றால் ஐயா.

"காக்கிச் சட்டை. தோளில் தோல் பை. உன் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தானே. டெஸ்டுக்கு ஆள் ஏற்றக் கூடாது என்று உனக்குத் தெரியாதா?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என் முகத்தில் எதைப் பார்த்தாரோ தெரியாது. நோட்டை மூடினார்.

"நான் அதை எழுதவில்லை," என்றார். "நீயும் யாரிடமும் பேசாதே. பாஸ்."

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் பாஸ் என்று மட்டும் சொன்னேன். சார்ஜன்ட் கேட்டதைச் சொல்லவில்லை. முதுகில் தட்டு விழுந்ததையும் சொல்லவில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் விடியற்காலையே எழுந்து புளிச்சோறு கட்டினாள். ஒருபக்கமாகக் கால் போட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. அவள்தான் தட்டுகிறாள் என்று நினைத்தேன். அண்ணன் பழக்கம் தங்கைக்கும் இருக்கும்தானே. சந்தோஷமாகத்தான் இருந்தது.

கேலாங் தாண்டினோம். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "ம்," என்றாள். வாந்தி இல்லை. பிடோக் பக்கம் மேட்டில் வண்டி மிகவும் திணறியது. பாக்கியம் ஒல்லி. இவ்வளவு திணற வேண்டியதில்லை என்று நினைத்தேன், மழையில் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை.

சாங்கியில் பஸ் திரும்புகிற இடத்தைத் தாண்டிக் கடலோரம் நிறுத்தினேன். இறங்கித் திரும்பிப் பார்த்தால், அவளுடைய ஒரு கை சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல்கள் வெளுத்திருந்தன. இன்னொரு கை மடியில் இருந்த டிபன் கேரியரைக் கட்டிப் பிடித்திருந்தது.

"என் முதுகுல எந்தக் கையால தட்டுனே?"

"எனக்கு ஏதுங்க கை? வீட்டுலேருந்து கம்பிய விடலியே."

அவள் மணலில் இறங்கினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனாள். அலை வந்து முழங்கால் வரை நனைத்தது. சிரித்தாள். சத்தமாக. அத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டு, எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் வண்டி மேல் படிந்த மணலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மரத்தடியில் வந்து உட்கார்ந்து சோற்றைப் பிரித்தாள். இலை போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றாவது இலையை நான் பார்த்தேன். அவள் ரோட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், கடல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு கடைக்குப் போனவரைப் பற்றிக் கேட்பது போல என்னிடம் கேட்டாள்.

"அண்ணன் எங்கங்க இறங்குச்சு?"

அதே கேள்வி. தெரியல என்றேன். அவள் மூன்றாவது இலையிலும் சோறு வைத்தாள். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை அது அப்படியே இருந்தது. அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

திரும்பி வரும்போது வண்டி இறகு போல இருந்தது. பிடோக் மேட்டைச் சத்தமில்லாமல் ஏறியது. முதுகில் தட்டு எதுவும் விழவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருடம் அந்த வண்டியை ஓட்டினேன், ஒரு தடவை கூட விழவில்லை. நானும் ஒவ்வொரு தடவையும் புறப்படும் முன் கொஞ்ச நேரம் காத்திருப்பேன். பின்னால் நிற்கிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள்.

அவர் வந்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தங்கைக்காக வந்தார், வரக்கூடியவர்தான். என்னை இன்றைக்கும் உறுத்துவது வேறு. சில கண்டக்டர்கள் ஓடுகிற பஸ்ஸிலிருந்தே குதித்து இறங்குவார்கள். மச்சான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. யார் இறங்கினாலும் மணி அடித்து, பஸ் நின்ற பிறகுதான் இறக்கிவிடுவார். அன்று பிடோக் மேட்டில் இருந்தார், கடலோரத்தில் நான் நிறுத்தியபோது இல்லை. நடுவில் நான் எங்கும் நிறுத்தவில்லை.

ஒரு தட்டு தட்டியிருந்தால் நிறுத்தியிருப்பேன்.