கப்பலில் வந்த ஆட்டுக்காரன்

புலம்பெயர்ந்த தமிழரின் கடைத்தெருவான லா ஷப்பேலில் நான் மதியம் சாப்பிடும் கடையில் அவர் தட்டுக் கழுவினார். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, வெந்நீரில் ஊறி வெளுத்த விரல்கள். எந்த வாசலிலும் எல்லோரையும் முன்னே விட்டுக் கடைசியாகத்தான் நுழைவார். வன்னியில் மாடுகளுக்குப் பின்னால் நடந்த பழக்கம் என்றார் ஒருமுறை.

அகதி வழக்கின் கடைசி மேன்முறையீடும் தோற்று, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்ட அன்று, கைபேசியை என் முன் வைத்தார். ஆஸ்திரேலியாவில் முதன்முதலாக ஆட்டுப் பண்ணை போட்ட ஒரு வெள்ளைக்காரரைப் பற்றிய ஆங்கில ஆவணப்படம் ஓடியது.

"என்ன சொல்லுறாங்கள், தங்கச்சி?"

வரிசையாகச் சொன்னேன். கப்பலில் வந்தார். மந்தையோடு மாதக்கணக்கில் நடந்தார். தண்ணீர் கண்ட இடத்தில் குடிசை போட்டார். கண்ணுக்கு எட்டிய புல்வெளியெல்லாம் தன்னுடையது என்றார்.

"அங்கை முதலே சனம் இருக்கேல்லையோ?"

"இருந்தாங்க. துரத்திட்டாங்க."

"எங்கடை மேய்ச்சல் தரையிலையும் ஆமிக்காரங்கள் அப்பிடித்தான் வேலி போட்டவங்கள்."

உள்ளிருந்து முதலாளி கத்தினார்: "அண்ணை, படத்திலை ஆடு மேய்ச்சது போதும், தட்டுக் குவிஞ்சு கிடக்கு!"

அவர் அசையவில்லை. "நான் காணி கேக்கேல்லை. அங்கை ஒரு பட்டியிலை கூலிக்கு நிக்க விடுவாங்களோ?"

"விசா வேணும் அண்ணா. படகுல போனா திருப்பி அனுப்பிடுவாங்க."

"ஓம்" என்றார். பிறகு கப்பல் கரை சேரும் இடத்துக்குப் படத்தைப் பின்னோக்கி ஓட்டி, அந்த வெள்ளைக்காரரை மறிக்கக் கரையில் யாராவது நிற்கிறார்களா என்று உற்றுப் பார்த்தார். மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். அது கசப்பா, நம்பிக்கையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.