விரியும்வரை உட்கார்ந்திருந்தோம்

"ஏன் மைனி, நாளைக்கு இன்டர்வியூவ வச்சுக்கிட்டு கோட்டை பாக்கப் போறவளா டாக்டர் பட்டம் வாங்கப் போறா?"

அத்தை இதை அம்மாவிடம்தான் கேட்டாள், எனக்கும் காதில் விழும்படி.

தோவாளையில் பூக்கட்டும் வீடு எங்களுடையது. அந்த வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். தாவரவியல் முதுகலை, இறுதியாண்டு. பறித்த பூ எப்படி மூப்படைகிறது என்பது என் பாடம். அதிலேயே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். அன்று ஞாயிறு. நேர்காணல் மறுநாள் காலை. இடம் கிடைக்காவிட்டால் வீட்டில் அடுத்த பேச்சு கல்யாணம்தான். ஞாயிறு, திங்கள் என்று பாராமல் படித்துப் படித்து, கடைசியில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தும் ஒன்றும் ஏறவில்லை. புத்தகத்தை மூடினேன்.

"எம்மா, வட்டக்கோட்டைக்கு வாறியா?"

"அங்க என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்ல."

அது அம்மாவுக்கு விளங்கவேயில்லை. பூவுக்கு ஏது ஞாயிறு? முகூர்த்தநாள் என்றால் இன்னும் நெருக்கடி. பஸ் ஏறினால் போய்விடும் தூரத்திலுள்ள கோட்டையை அவள் பார்த்ததே இல்லை. ஒருவழியாக வந்தாள், ஒரு பை நிறையப் பிச்சி மொட்டும் வாழைநாரும் எடுத்துக்கொண்டு.

"சும்மா இருந்தா கை நோவும் மக்ளே."

சிரித்தேன். என் பையிலும் பாடக் குறிப்புகள் இருந்தன.

கோட்டைமேல் ஏறியதும் அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னால் கடல். திரும்பினால் மலை, காற்றாலைகள். மதிலோரம் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்து, தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை விரித்து மொட்டுகளைக் கொட்டினாள். நாரைக் கையில் எடுத்தவள், கடலைப் பார்த்தபடியே அதைக் கீழே வைத்தாள். அவளுடைய கைகள் வெறுமனே மடியில் கிடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

வெயில் தாழ்ந்தபோது ஒரு மொட்டு அசைந்தது. காற்று என்று நினைத்தேன். பிறகு அதன் முனை நெகிழ்ந்தது. ஓர் இதழ் விலகி மெல்லப் பின்னால் சாய்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் அங்கங்கே.

"இங்க பாருட்டி." அம்மா குரலைத் தாழ்த்தினாள், பூ பயந்துவிடும் என்பதுபோல. "இது இப்பிடியா விரியும்?"

விரிந்துவிட்டால் விலை விழுந்துவிடும். அதனால் மொட்டாகவே கட்டி, மொட்டாகவே அனுப்பிவிடுவோம். அம்மா பூவோடு பிறந்து வளர்ந்தவள். நான் பூவின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தவள். அது விரிவதை இருவருமே உட்கார்ந்து பார்த்ததில்லை. தோர்த்து முழுக்கப் பூ விரிந்து வெளுக்கும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. குறிப்புகள் பையிலேயே இருந்தன.

மறுநாள் நேர்காணலில், "ஏன் இந்தத் தலைப்பு?" என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்திருந்த பதிலை விட்டுவிட்டு, அந்த முதல் இதழிலிருந்து தொடங்கினேன். எழுதிக்கொண்டிருந்த பேராசிரியை ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான் சொல்வதைக் கேட்டார்.

இடம் கிடைத்தது.

"அப்போ, கோட்டை பாக்கப் போனதுக்கா பட்டம் குடுக்கானுவ?" என்றாள் அத்தை.

ஆய்வகத்தில் சேர்ந்த அன்றே, ஞாயிறு மட்டும் வரமாட்டேன் என்று நெறியாளரிடம் சொல்லிவிட்டேன். போன ஞாயிறு முட்டம் கடற்கரைக்குப் போனோம். அம்மா வெறுங்கையோடு வந்தாள்.