வஞ்சுளவல்லி விட்டதும் விடாததும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிர்த்தாப்புல, சாரங்கபாணி கடையில் பதினஞ்சு வருசமாகப் பத்திரம் டைப் அடித்தவள் வஞ்சுளவல்லி. அந்தப் பழைய மிசினைக் குத்திக் குத்தி அவளுக்கு விரல் மொளியெல்லாம் வீங்கிப் போச்சு. தொண்ணூத்தெட்டில் சாரங்கபாணி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். பூப்போலத் தட்டினால் போதும் என்றதும் அவளுக்கு உசுரே திரும்பி வந்தது.

வந்ததும் சும்மா இருந்தாளா? கல்யாணப் பொண்ணைச் சிங்காரிக்கிற மாதிரி அதைச் சிங்காரித்தாள். ஸ்கிரீன் முழுக்கக் கிளி பறக்கும். எந்த எழுத்தைத் தட்டினாலும் மணி அடிக்கும். எழுத்தில் மட்டும் இருநூறு தினுசு ஏத்தி வைத்திருந்தாள். சுமை தாங்காமல் மிசினுக்கு மூச்சு வாங்கியது. அவள் ஒரு வரி அடித்து முடித்து, முந்தானையால் முகம் துடைத்த பொறவுதான் முதல் சொல்லே எட்டிப் பார்க்கும்.

ஒரு வியாழக்கிழமை சாரங்கபாணி சத்தம் போட்டுவிட்டார்.

“நாளைக்குப் பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள தேவதானத்துச் சண்முகத்தாய் வாங்குற தோப்புப் பத்திரத்துல கையெழுத்து விழணும். விழலைன்னா இந்தப் பொம்மலாட்டப் பெட்டியத் திருப்பி அனுப்பிருவேன். நீ பழைய மிசினுக்கே போ.”

வஞ்சுளவல்லி விரலைத் தடவிக்கொண்டாள். சாயங்காலமே ராஜபாளையத்திலிருந்து மெக்கானிக் சோலைராஜை வரவழைத்தாள்.

“எல்லாத்தையும் கழட்டிருவோம் அக்கா. பழைய டைப்மிசின்ல எந்தக் கட்டைக்கு எந்த எழுத்தோ அதே வரிசைல இங்கயும் விழணும்னு தனியா ஒண்ணு ஏத்தி வச்சிருக்கீங்கல்லா, அதுவும் எடத்த அடைக்குது. புது வரிசையப் படிச்சுக்கோங்க.”

“ஏலே, கிளிய எடு. மணிய எடு. எழுத்துல மூணு தினுசு போதும். வரிசைல மட்டும் கைய வச்ச, கைய ஒடிச்சிருவேன்.”

“மிசின் செத்த மெதுவாத்தான் ஓடும்.”

“ஓடட்டும்லே. நான் ஒவ்வொரு எழுத்தாத் தேடிக்கிட்டு உக்காந்திருந்தா, அது எம்புட்டு வேகமா ஓடி என்னத்துக்கு?”

நியாயந்தானே. கிளி போனதில் அவளுக்கு வருத்தந்தான், இல்லேன்னா பொய். ஆனால் பத்திரத்துக்குப் பத்திரம் வருகிற ‘மேற்படி சொத்துக்கு நான்கெல்லை’ மாதிரி வரிகளை ஒத்தைத் தட்டில் விழும்படி அவனிடம் கேட்டுச் செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் விரலுக்குப் பின்னாலேயே எழுத்து ஓடி வந்தது. பத்து மணிக்கு ஸ்கிரீனைப் பார்த்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். சண்முகத்தாய் கையைத் தூக்கினாள்.

“ஏட்டி, கெணத்துல எனக்குப் பாதி உண்டே, அது எங்க?”

சாரங்கபாணிக்கு வேர்த்துவிட்டது. பழைய மிசின் என்றால் ஆறு தாளையும் திரும்ப அடிக்கணும். வஞ்சுளவல்லி நடுவில் கெணத்தை நுழைத்தாள். கீழே இருந்ததெல்லாம் தானாக நகர்ந்து இடம் விட்டது. முத்திரைத்தாளில் பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று அடித்துத் தள்ள, பத்து இருபத்தஞ்சுக்குத் தோப்பை விக்கிறவரும் சண்முகத்தாயும் கையெழுத்துப் போட்டார்கள்.

சாரங்கபாணி தலையைச் சொறிந்தார். “ஏம்மா, அடுத்த பத்திரத்துல ‘எழுதியவர்’னு அடியில வர்ற எம் பேரைச் சுத்தி மட்டும் கொஞ்சம் பூவேலை வர்ற மாதிரி…”

“மிசின் தாங்காது அண்ணாச்சி. நீங்க அந்தப் பழைய மிசினத் தூக்கிப் பரண்ல வச்சிட்டு வாங்க, எனக்கு மேசைல எடம் பத்தல.”